அடிக்கடி நழுவும் தோள்பட்டை: அறுவைச் சிகிச்சையும் அதன் பின் வேண்டிய பொறுமையும்

(ஜமாஅத் சார்பில் நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் இந்த மேடைக்குச் சற்றுப் புதியது. தோள்பட்டை மூட்டு ஒருமுறை நழுவி, பின்னர் மீண்டும் மீண்டும் நழுவிக்கொண்டே இருப்பவர்களுக்குச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சை பற்றியும், அதன்பின் அவர்கள் தேறி எழும் காலம் பற்றியும் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்லன். மருத்துவ உதவி கோரி ஜமாஅத்திற்கு வரும் மனுக்களைப் பார்க்கும் பொறுப்பில் இருப்பதால், இதுபற்றி எலும்பு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டவற்றைத் தொகுத்துத் தருகிறேன். எவருக்கு எந்தச் சிகிச்சை என்பதை அவரவர் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மருத்துவரிடம் என்ன கேட்பது, வீட்டார் எப்படித் துணை நிற்பது என்பதை நாம் தெரிந்துகொண்டால் போதுமானது.

இந்த நோயைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. இது பெரும்பாலும் இளைஞர்களைத் தாக்குவது. கபடி விளையாடும்போது, கைப்பந்து ஆடும்போது, இருசக்கர வாகனத்திலிருந்து விழும்போது, தலைக்கு மேல் சுமை தூக்கும்போது நேர்வது. உயிரைப் போக்கும் நோயன்று. ஆகவே அலட்சியம் செய்யப்படுகிறது. ஆனால் உழைக்கும் கரத்தை முடக்கும் நோய் ஆகையால், ஒரு குடும்பத்தின் வருவாயையே முடக்கிவிடுகிறது.

தோள் ஏன் நழுவுகிறது?

மனித உடலில் இடுப்பு, தோள் இரண்டும் பந்துக் கிண்ண மூட்டுகள் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். ஆயினும் இரண்டுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. இடுப்பின் கிண்ணம் ஆழமானது; தொடை எலும்பின் தலை அதற்குள் நன்றாக அமிழ்ந்திருக்கும். தோளின் கிண்ணமோ ஆழமற்ற சிறு தட்டைப் போன்றது. அந்தத் தட்டின்மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்ததுபோல மேற்கை எலும்பின் தலை அமர்ந்திருக்கிறது. பழத்தின் பரப்பில் சிறு பகுதியே தட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

இப்படி அமைந்திருப்பதனால்தான் கையை மேலே உயர்த்தவும், பின்னால் கொண்டுபோகவும், முழுவட்டமாகச் சுழற்றவும் நம்மால் முடிகிறது. வேறெந்த மூட்டுக்கும் இவ்வளவு சுதந்திரம் இல்லை. அந்தச் சுதந்திரத்திற்கு ஈடாக அது உறுதியில் சிறிது விட்டுக்கொடுத்திருக்கிறது. உடலின் பெரிய மூட்டுகளுள் மிக அதிகமாக நழுவுவது தோள் மூட்டே.

தட்டிலிருந்து பழம் உருண்டுவிடாமல் காப்பவை மூன்று. முதலாவது, தட்டின் ஓரத்தைச் சுற்றி வரப்புக் கட்டியதுபோல் அமைந்த லாப்ரம் எனும் விளிம்புத் திசு. இரண்டாவது, மூட்டைச் சுற்றிய உறையும் அதிலுள்ள இணைப்பு நார்களும். மூன்றாவது, தோளைச் சூழ்ந்து இழுத்துப் பிடிக்கும் தசைகள். கை மேலே உயர்ந்து வெளிப்புறமாகத் திரும்பியிருக்கும் நிலையில் பலமான இழுப்போ இடியோ ஏற்பட்டால், எலும்பின் தலை முன்பக்கமாக வெளியேறுகிறது. தோள் நழுவல்களுள் மிகப் பெரும்பாலானவை இவ்வாறு முன்புறம் நழுவுவனவே. அப்படி வெளியேறும்போது முன்பக்கத்து வரப்பையும் பெயர்த்துக்கொண்டு போய்விடுகிறது.

இதுவே நாம் கவனிக்க வேண்டிய இடம். மூட்டை மீண்டும் உள்ளே தள்ளிவிட்டால் எலும்பு தன் இடத்திற்கு வந்துவிடும். பெயர்ந்த வரப்போ பல வேளைகளில் தன் இடத்தில் ஒட்டுவதில்லை. உடைந்த வரப்பின் வழியே தண்ணீர் மறுபடியும் ஓடுவதுபோல, எலும்பும் அதே வழியில் மறுபடியும் நழுவுகிறது. முதன்முறை நழுவப் பெரிய விபத்து தேவைப்பட்டது. ஐந்தாம் முறைக்குத் தும்மலும், சட்டை மாட்டுவதும், தூக்கத்தில் புரண்டு படுப்பதுமே போதுமானதாகிவிடுகிறது.

ஒவ்வொரு முறையும் ஓர் இழப்பு

“நழுவினால் என்ன? நானே தட்டி உள்ளே போட்டுக்கொள்கிறேன்” என்று பெருமையாகச் சொல்லும் இளைஞர்கள் உண்டு. அவர்கள் அறியாத செய்தி ஒன்றிருக்கிறது. வெளியேறும் எலும்பின் தலை, தட்டின் கூரிய ஓரத்தில் மோதி நசுங்குகிறது. மென்மையான தலையில் பள்ளம் விழுகிறது. இந்தப் பள்ளத்தை அமெரிக்காவின் ஹில், சாக்ஸ் என்ற இரு கதிரியக்க மருத்துவர்கள் 1940ஆம் ஆண்டில் விரிவாக எழுதினார்கள். இன்றும் அது அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. மறுபுறம், தட்டின் முன் ஓரமும் சிறிது சிறிதாகத் தேய்கிறது, சில வேளை உடைகிறது. ஆக, தட்டும் சிறுக்கிறது, பழமும் குழிகிறது. எத்தனை முறை நழுவுகிறதோ அத்தனைக்கு இந்த இழப்பு கூடுகிறது. பல ஆண்டுகள் இப்படியே ஓடினால் மூட்டுத் தேய்மானமும் வந்து சேர்கிறது.

நழுவிய தோளைப் பயிற்சியற்றவர்கள் இழுத்துத் திருகுவதிலும் ஆபத்து உண்டு. அக்குளின் வழியே கைக்குச் செல்லும் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் மூட்டை ஒட்டியே ஓடுகின்றன. நழுவலோடு எலும்பு முறிவும் சேர்ந்திருந்தால், இழுக்கும் இழுப்பில் முறிவு பெரிதாகிவிடலாம். எனவே தோள் இறங்கிவிட்டால் கையை அசைக்காமல் துணியால் உடலோடு தாங்கிக் கட்டி, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே முறை. அங்கே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, வலி தெரியாமலிருக்க மருந்து தந்து, மெல்ல உள்ளே செலுத்துவார்கள். தோளின் வெளிப்புறத்தில் மரத்துப்போன உணர்வு இருக்கிறதா என்று சோதிப்பார்கள். அது அவ்விடத்து நரம்பு பாதிக்கப்பட்டதன் அடையாளம்.

பழைய மருத்துவம் சொல்லும் வரலாறு

இந்த நோய் புதிதன்று. எகிப்தில் சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஈபுய் என்பவரின் கல்லறைச் சுவரோவியத்தில், ஒருவர் மற்றொருவரின் நழுவிய தோளைச் சரி செய்வதாகக் கருதப்படும் காட்சி உள்ளது. கிரேக்கத்து ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களில், நோயாளியின் அக்குளில் குதிகாலை வைத்துக் கையை இழுக்கும் முறை எழுதப்பட்டுள்ளது. திரும்பத் திரும்ப நழுவுவோருக்கு அக்குளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு வைக்கும் முறையும் அங்கே காணப்படுகிறது. சுட்ட இடம் வடுவாகிச் சுருங்கி மூட்டை இறுக்கிப் பிடிக்கும் என்பது அதன் கருத்து.

ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்து, 1013ஆம் ஆண்டு வாக்கில் மறைந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ, ‘அத்தஸ்ரீஃப்’ எனும் முப்பது பகுதிகள் கொண்ட பெருநூலை அரபியில் எழுதினார். அதன் இறுதிப் பகுதி அறுவை மருத்துவத்திற்கே உரியது. அதில் அடிக்கடி நழுவும் தோளுக்குச் சூடு வைக்கும் முறை தனித் தலைப்பில் இடம்பெற்றுள்ளது. அந்நூல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய மருத்துவர்களால் நெடுங்காலம் பயிலப்பட்டது. மயக்க மருந்தும் எக்ஸ்ரேயும் இல்லாத அந்நாளில், தளர்ந்த முன்பக்கத்தை இறுக்க வேண்டும் என்ற அளவுக்கு அவர்கள் உணர்ந்திருந்தார்கள். எது தளர்ந்தது என்பது பின்னரே தெளிவாயிற்று.

பாரிஸைச் சேர்ந்த புரோகா, ஹார்ட்மன் இருவரும் 1890இலும், ஜெர்மனியின் பெர்ட்டஸ் 1906இலும் விளிம்பு பெயர்வதைப் பற்றி எழுதினார்கள். இங்கிலாந்தின் பாங்கார்ட் எனும் மருத்துவர் 1923ஆம் ஆண்டில், பெயர்ந்த விளிம்பே இந்நோயின் வேர், அதைத் திரும்பத் தைப்பதே மருந்து என்று அழுத்தமாக எடுத்துரைத்தார். இன்று உலகெங்கும் செய்யப்படும் அறுவைச் சிகிச்சை அவர் பெயராலேயே வழங்குகிறது.

இடையில் வேறு முறைகளும் வந்தன. முன்பக்கத் தசையை மடித்துத் தைத்துச் சுருக்கும் புட்டி-பிளாட் முறை நெடுங்காலம் செய்யப்பட்டது. அதனால் நழுவுவது நின்றது. ஆனால் கை வெளிப்புறம் திரும்பும் சக்தியை இழந்தது. அளவுக்கு மீறி இறுக்கப்பட்ட மூட்டுகள் பல, ஆண்டுகள் கழித்துத் தேய்ந்தும் போயின. ஆகவே, மூட்டைப் பூட்டிவிடுவது குணமாகாது. பெயர்ந்ததை அதன் இடத்தில் வைத்து, அசைவையும் காப்பாற்ற வேண்டும் என்பது அனுபவத்தால் கற்ற பாடமாயிற்று.

எல்லோருக்கும் கத்தி வேண்டுமா?

வேண்டாம். இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஸ்வீடன் நாட்டின் ஹோவெலியஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், முதன்முறை தோள் நழுவியவர்களை இருபத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2008ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளாத, பன்னிரண்டு முதல் இருபத்தைந்து வயது வரையிலானவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மீண்டும் நழுவவில்லை, அல்லது நழுவிவந்த தோள் காலப்போக்கில் நிலைத்துவிட்டது. தொடக்கத்தில் கையைக் கட்டி வைத்த விதம் இந்த முடிவை மாற்றவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே முதல் நழுவலுக்குப் பின் பலருக்கு, சில வாரங்கள் கையைத் தாங்கிக் கட்டி, பின் முறையாகப் பயிற்சி தந்து கவனிப்பதே வழக்கம்.

அறுவைச் சிகிச்சை தேவையா என்பதை மருத்துவர்கள் சில கேள்விகளைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள். வயது என்ன? வயது குறையக் குறைய மீண்டும் நழுவும் வாய்ப்பு கூடுகிறது. என்ன வேலை, என்ன விளையாட்டு? எத்தனை முறை நழுவியது? இயல்பாகவே மூட்டுகள் தளர்ந்த உடலமைப்பா? அப்படியானால் முதலில் பல மாதப் பயிற்சியே பரிந்துரைக்கப்படும். வலிப்பு நோய் உண்டா? இருந்தால் முதலில் அதை மருந்தால் கட்டுப்படுத்த வேண்டும்; இல்லையேல் தைத்த தோளும் அடுத்த வலிப்பில் நழுவிவிடலாம். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மீண்டும் நழுவுவது குறைவு. ஆனால் தோளைச் சுற்றிய தசைநார் கிழிந்திருக்கும் வாய்ப்பு அதிகம். கையைத் தூக்க முடியாவிட்டால் அதைச் சோதிக்காமல் விடக்கூடாது.

விளிம்பும் நார்களும் எந்நிலையில் உள்ளன என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும். எலும்பு எவ்வளவு தேய்ந்துள்ளது என்பதை சி.டி. ஸ்கேன் காட்டும். இந்த இரண்டாவது கேள்வி மிக முக்கியமானது. அமெரிக்காவின் பர்க்கார்ட், தென்னாப்பிரிக்காவின் டி பீர் ஆகிய இருவரும், நுண்துளை வழியே விளிம்பைத் தைத்துக்கொண்ட 194 பேரை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். எலும்பில் பெரிய இழப்பு இல்லாத 173 பேரில் ஏழு பேருக்கே மீண்டும் நழுவியது. எலும்பில் பெரிய இழப்பு இருந்த 21 பேரிலோ 14 பேருக்கு மீண்டும் நழுவிவிட்டது. மருத்துவரும் முறையும் ஒன்றே. எலும்பின் நிலைதான் வேறு. “பார்த்துக்கொள்ளலாம், பார்த்துக்கொள்ளலாம்” என்று பத்து முறை நழுவவிட்டுப் பின் மருத்துவரிடம் போவதன் விலை இதுவே.

அறுவைச் சிகிச்சை முறைகள்

எலும்பு பெரிதும் தேயாதிருந்தால், பெரும்பாலும் பாங்கார்ட் முறையே செய்யப்படுகிறது. முன்னாளில் தோளின் முன்பக்கத்தை நீளமாகத் திறந்து செய்தார்கள். இக்காலத்தில் ஆர்த்ராஸ்கோபி எனும் முறையில், இரண்டு மூன்று சிறு துளைகள் வழியே செய்கிறார்கள். ஒரு துளையில் மெல்லிய கேமரா நுழைகிறது. உப்புநீரைச் செலுத்தி மூட்டுக்குள் இடம் உண்டாக்குகிறார்கள். மருத்துவர் திரையைப் பார்த்தவாறே மற்றத் துளைகளின் வழியே கருவிகளை இயக்குகிறார். தட்டின் ஓரத்தைச் சுரண்டிப் புதிதாக்கி, அதில் ஆங்கர் எனப்படும் சிறு முளைகளை அடிக்கிறார்கள். முளையோடு இணைந்த நூலால் பெயர்ந்த விளிம்பையும் தளர்ந்த உறையையும் இழுத்து, எலும்போடு சேர்த்துக் கட்டுகிறார்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முளைகள் வைப்பது வழக்கம். எலும்பின் தலையில் பள்ளம் இருந்தால், பின்பக்கத்துத் தசைநாரை அப்பள்ளத்தில் பதித்துத் தைத்து நிரப்பும் முறையும் உண்டு. பிரெஞ்சு மொழியில் அதை ‘ரம்ப்ளிசாஜ்’ என்கிறார்கள். நிரப்புதல் என்பதே அதன் பொருள்.

தட்டின் ஓரம் மிகவும் தேய்ந்திருந்தால் தைத்தால் மட்டும் போதாது, எலும்பே வேண்டும். பிரான்சின் லியோன் நகரத்து மருத்துவர் லாட்டார்ஜே 1954ஆம் ஆண்டில் எழுதிய முறை இதற்கே உரியது. தோள்பட்டை எலும்பின் முன்பக்கத்தில் காக்கையின் அலகுபோல் வளைந்த முனை ஒன்றுண்டு. கிரேக்கர்கள் அதைக் காக்கையின் பெயரால் அழைத்தார்கள். அரபி உடற்கூற்று நூல்களிலும் ‘ஃகுராப்’ என்ற காக்கையின் பெயரே அதற்கு வழங்குகிறது. அந்த முனையை, அதில் ஒட்டிய தசைநாரோடு சேர்த்து வெட்டியெடுத்து, தேய்ந்த ஓரத்தில் வைத்து இரண்டு திருகாணிகளால் இறுக்குகிறார்கள். தட்டும் அகலமாகிறது, கையை உயர்த்தும்போது அந்தத் தசைநார் முன்னால் கச்சைபோல் நின்று தடுக்கிறது. எலும்பிழப்பு உள்ளவர்களுக்கு இது உறுதியான முறை. ஆனால் பெரிய அறுவை. நரம்பு பாதிப்பு, ஒட்டிய எலும்பு சரியாகச் சேராமை, திருகாணி தொல்லை தருதல் போன்ற சிக்கல்களும் இதில் அதிகம். அனுபவமுள்ள கரங்களில் செய்துகொள்ள வேண்டியது.

இவற்றுக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தருவார்கள்; கழுத்தருகே நரம்புக்கு ஊசி போட்டுக் கையை மரக்கச் செய்வதும் உண்டு. அவ்வாறு செய்தால் பல மணி நேரம் கை தன் வசத்தில் இராது. வீட்டார் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

வலி போவது வேறு, ஆறுவது வேறு

அன்பிற்குரியவர்களே! இந்த உரையில் ஒன்றை மட்டும் நினைவில் கொள்வதானால், இதைக் கொள்ளுங்கள். அறுவைச் சிகிச்சை முடிந்ததும் நோய் முடிந்துவிடுவதில்லை. மருத்துவர் நூலால் கட்டியிருக்கிறார், அவ்வளவே. நூல் தற்காலிகமான துணை. கட்டப்பட்ட திசு எலும்போடு ஒட்டி வளர வேண்டும். அதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகின்றன. ஆனால் வலி மூன்று நான்கு வாரங்களிலேயே பெரிதும் குறைந்துவிடுகிறது. தோலின் புண் அதற்கும் முன்பே ஆறிவிடுகிறது. வலி போன நாளுக்கும் உள்ளே ஒட்டிய நாளுக்கும் இடையிலுள்ள அந்த இரண்டு மாதங்களே ஆபத்தானவை. வலிக்கவில்லை என்ற தைரியத்தில் கையை வீசுகிறவன், பாதி காய்ந்த சுவரில் சாய்கிறவனைப் போன்றவன்.

நானறிந்த ஓர் இளைஞர். கடையில் மூட்டை ஏற்றி இறக்குபவர். அறுவைச் சிகிச்சை நல்ல முறையில் முடிந்தது. ஐந்தாம் வாரம் அவருக்கு வலியே இல்லை. வீட்டில் வருமானம் இல்லை. கடையில் ஆள் இல்லை. கைக்கட்டை அவிழ்த்துவிட்டு வேலைக்குப் போனார். அரிசி மூட்டையைத் தோளுக்கு மேல் தூக்கியபோது தோள் மறுபடியும் நழுவியது. இரண்டாம் முறை அறுவை செய்ய நேர்ந்தது. அவர் சோம்பேறியும் அல்லர், மூடரும் அல்லர். பசிதான் அவரைக் கட்டை அவிழ்க்கச் செய்தது. இதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

தேறும் காலத்தின் படிகள்

மருத்துவருக்கு மருத்துவர் சிறு வேறுபாடு இருந்தாலும், பொதுவான ஒழுங்கு இதுதான். முதல் நான்கு முதல் ஆறு வாரங்கள், ஸ்லிங் எனும் கைத்தொட்டிலில் கை இருக்கும். விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும்; இல்லையேல் அவை வீங்கி இறுகிவிடும். தோளை மருத்துவர் அனுமதித்த அளவுக்கே அசைக்கலாம். கையை உயர்த்தி வெளிப்புறம் திருப்புவதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். தோள் நழுவிய அதே நிலை அது.

ஆறாம் வாரத்திற்குப் பின் நோயாளி தானே கையைத் தூக்கப் பழகுகிறார். மூன்றாம் மாதத்திலிருந்து தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சிகள் படிப்படியாகத் தொடங்குகின்றன. பளு தூக்கும் வேலைக்கும் மோதி விளையாடும் ஆட்டங்களுக்கும் பொதுவாக நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகலாம். எழுத்து வேலை செய்பவர் சில வாரங்களிலேயே அலுவலகம் போகலாம். இருசக்கர வாகனம் ஓட்டுவதோ, மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே. லாட்டார்ஜே முறையில் எலும்பு ஒட்டியதா என்பதைப் படம் எடுத்துப் பார்த்த பின்னரே கடுமையான பயிற்சிகளுக்கு அனுமதிப்பார்கள்.

மறுபுறத்து ஆபத்தும் உண்டு. அவசரப்படுகிறவர்களைப் போலவே அஞ்சி முடங்குகிறவர்களும் இருக்கிறார்கள். காலம் கடந்தும் கட்டை அவிழ்க்காமல், பயிற்சிக்குப் போகாமல் இருந்தால் தோள் இறுகிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இவ்வாறு இறுகும் வாய்ப்பு அதிகம். புண்ணில் சீழ் வைக்கும் வாய்ப்பும் அதிகம். ஆகவே சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். புகைப்பவர்கள் அதை விட்டொழிக்க இதைவிட நல்ல தருணம் கிடைக்காது. திசு ஒட்டுவதைப் புகை தாமதப்படுத்துகிறது. இயன்முறை மருத்துவரிடம் செல்வதை வீண் செலவு என்று எண்ணாதீர்கள். அறுவை செய்த கரம் பாதி வேலையைச் செய்தது. மீதியைச் செய்ய வேண்டியவர் நோயாளி. அவருக்கு வழி காட்டுபவரே இயன்முறை மருத்துவர்.

வீட்டிலுள்ள தாய்மார்களுக்குச் சில குறிப்புகள். முதல் சில வாரங்கள் படுத்துறங்குவது கடினம். முதுகுக்குத் தலையணைகள் அடுக்கிச் சாய்ந்தவாறு உறங்கினால் இதமாக இருக்கும். முன்பக்கம் பொத்தான் உள்ள சட்டையே வசதி. அணியும்போது அறுவை செய்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் எடுக்க வேண்டும். வியர்வையால் அக்குளில் புண் வராமல் துடைத்து உலர்த்த வேண்டும். காய்ச்சல், தையலில் சிவப்பு அல்லது கசிவு, கை மரத்துப்போதல், நாளுக்கு நாள் கூடும் வலி, மூச்சுத் திணறல் இவற்றில் எது தோன்றினாலும் மறு பரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பள்ளிவாசலுக்கு வரும் நோயாளி

கையைத் தொட்டிலில் கட்டியிருப்பவர்கள் தொழுகையைப் பற்றி என்னிடம் கேட்பதுண்டு. சஜ்தாவில் கையூன்றி உடல் எடையைத் தாங்குவதும், தக்பீருக்குக் கைகளை உயர்த்துவதும் தொடக்க வாரங்களில் தோளுக்குத் தீங்கு தரக்கூடும். இயலாதவர் இயன்ற அளவில் நிறைவேற்றுவதே மார்க்கம் தந்த சலுகை. கட்டியிருக்கும் கையை உயர்த்த வேண்டியதில்லை. சஜ்தா செய்ய முடியாதவர் அமர்ந்து சைகையால் தொழலாம். கட்டுப் போட்ட இடத்தில் தண்ணீர் படக்கூடாதென மருத்துவர் சொல்லியிருந்தால், ஒளுவுக்கும் குளிப்புக்கும் அதற்கான சட்டங்கள் உண்டு. மத்ஹபுகளுக்கிடையே விவரங்களில் வேறுபாடு இருப்பதால் தனியே வந்து கேளுங்கள், சொல்கிறேன். சலுகையை ஏற்பதில் கூச்சம் வேண்டாம்.

மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஸஃப்பில் தோளோடு தோள் நெருங்கி நிற்கும்போது, கட்டுப்போட்டவருக்குச் சிறிது இடம் விடுங்கள்; அவரை ஓரத்தில் நிற்கச் செய்யுங்கள். முஸாஃபஹா செய்யும் அன்பில் அவர் கையைப் பிடித்துக் குலுக்காதீர்கள். பெருநாள் அன்று கட்டித் தழுவும்போது நலமான பக்கமாகத் தழுவுங்கள், அல்லது ஸலாம் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் வெட்கப்பட்டுத் தடுக்கமாட்டார். நாம்தான் பார்த்து நடக்க வேண்டும்.

ஜமாஅத்தாரிடம் ஒரு கோரிக்கை

நிறைவாக, அந்த மூட்டை தூக்கும் இளைஞரிடம் வருகிறேன். அறுவைச் சிகிச்சைக்குப் பணம் தேவை என்றால் நாம் திரட்டிவிடுகிறோம். ஜமாஅத் கொடுக்கிறது, வசதி படைத்தவர்கள் கொடுக்கிறார்கள், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அனுப்புகிறார்கள். மருத்துவமனைக் கட்டணத்திற்கு ரசீது உண்டு. ஆகவே கணக்கில் ஏறுகிறது. ஆனால் அதற்குப்பின் வரும் மூன்று நான்கு மாதக் கூலி இழப்புக்கு எந்த மருத்துவமனையும் ரசீது தருவதில்லை. அது எந்த மனுவிலும் இடம்பெறுவதில்லை. அறுவைக்குக் கொடுத்த பெருந்தொகை, வீட்டு அடுப்புக்குக் கொடுக்காத சிறுதொகையால் வீணாகிப் போகக்கூடும்.

எனவே நிர்வாகப் பெருமக்களிடம் பணிவுடன் வேண்டுகிறேன். உழைத்துப் பிழைப்பவர் ஒருவரின் அறுவைச் சிகிச்சைக்கு உதவும்போது, அவர் தேறும் காலம் எத்தனை மாதம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, அந்த மாதங்களுக்கு அவர் வீட்டு அரிசி பருப்புச் செலவையும், இயன்முறைப் பயிற்சிக்குச் சென்றுவரும் செலவையும் உதவித் தொகையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். கடை நடத்தும் சகோதரர்களே! உங்களிடம் வேலை செய்பவர் கைக்கட்டோடு வந்தால், மூட்டை தூக்கச் சொல்லாமல் கல்லாவில் அமர்த்துங்கள், கணக்கு எழுதச் செய்யுங்கள். நான்கு மாதம் அவர் இடத்தை அவருக்காக வைத்திருங்கள்.

இளைஞர்களே! ஒருமுறை தோள் நழுவினால் மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டாம் முறை நழுவினால் தள்ளிப்போடாதீர்கள். அறுவை வேண்டும் என்றால் அஞ்சாதீர்கள். அறுவை முடிந்தால் அவசரப்படாதீர்கள்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக! உழைக்கும் கரங்களுக்கு வலிமையையும், உதவும் கரங்களுக்கு பரக்கத்தையும் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.